அக்கா போய்ச் சேரும்வரை

எங்கள் வீட்டில் யாராவது ஊருக்குக் கிளம்பினால், அவர்கள் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது. பெருக்கினால் போனவர்களையே வாரி வெளியே கொட்டியது போலாகும் என்பது அம்மாவின் கட்சி. ஆரணியிலிருந்து எங்கள் ஆட்கள் போகிற தூரம் போளூர், மிஞ்சினால் வேலூர். உலை கொதிப்பதற்குள் சேர்ந்துவிடுவார்கள். அதனால் இந்தச் சட்டத்தால் யாருக்கும் கஷ்டம் வந்ததில்லை, அக்கா கல்யாணமாகி சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பும்வரை.

வெள்ளிக்கிழமை விடியற்காலை சென்னையில் விமானம். அப்பா கூடப் போய் ஏற்றிவிட்டார். அதே வெள்ளிக்கிழமை மத்தியானம் இறங்கிவிடுவாள் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. அம்மாவுக்கு நிம்மதி. வெள்ளிக்கிழமை அதுவுமாகக் குப்பை வீட்டில் விளக்கேற்ற வேண்டாமே. தறி இருக்கிற வீடு வேறு. ஒரு வேளை பெருக்காவிட்டாலும் அறுந்த பட்டிழை காலில் சுற்றிக்கொள்ளும்.

எனக்குத்தான் கணக்கு உதைத்தது. ஐந்தாம் வகுப்பு படித்தேன். தூரத்தை வேகத்தால் வகுக்கத் தெரிந்த கர்வம். சேவூரிலிருந்து வந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, தன் போனில் பார்த்துப் பதினாலாயிரம் கிலோமீட்டர் என்றார். விமானம் மணிக்குத் தொள்ளாயிரம் போகுமாம். எப்படி வகுத்தாலும் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையவில்லை. விடியற்காலை கிளம்பியவள் மத்தியானம் எப்படிச் சேர்வாள்? என் கணக்கை யாரும் சட்டை செய்யவில்லை.

மத்தியானம் அம்மா துடைப்பத்தை எடுத்தாள். போனில் விமானம் போகும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா கத்தினார்.

"அக்கா, கீழ போடு! அவ இன்னும் பறந்துகினுதான் கீறா."

"மத்தியானம்னுதானடா டிக்கெட்டுல போட்டிருந்துது?"

"அது அந்த ஊரு மத்தியானம்கா. அங்க இப்போ ராத்திரி."

"எந்த ராத்திரி? நேத்து ராத்திரியா, இன்னிக்கு ராத்திரியா?"

மாமா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "பேஜாரா கீதுக்கா" என்று உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு இழுப்பு பெருக்கியாகிவிட்டதே என்று அம்மாவின் முகம் வெளுத்தது. இழுத்த குப்பையைக் கையாலேயே அள்ளிப் பழைய இடத்தில் பரப்பினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் ஒரு இழையைக்கூட விடாமல் பரப்புவதைப் பார்த்ததும் பயமாகிவிட்டது. அன்று சாயங்காலம் குப்பைக்கு நடுவில்தான், சாமியிடம் மன்னிப்புக் கேட்டபடி விளக்கேற்றினாள்.

சனிக்கிழமை காலை அக்காவே அம்மாவிடம் போனில் பேசினாள். நல்லபடியாகச் சேர்ந்துவிட்டாளாம். அங்கே இன்னும் வெள்ளிக்கிழமைதானாம்! அம்மா பேசி முடித்து, துடைப்பத்தோடு உள் அறைக்குப் போனாள். அக்கா பெட்டி கட்டும்போது அறுத்துப்போட்ட கயிறு, ஒட்டுப்பொட்டு அட்டை, சீப்பிலிருந்து உருவிப்போட்ட முடி எல்லாம் அங்கே அப்படியே கிடந்தன. வெகுநேரம் பெருக்கும் சத்தமே கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். துடைப்பம் சுவரோரம் இருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"பெருக்கலையாம்மா? அதான் அக்கா போய்ச் சேந்துட்டாளே."

"இருக்கட்டும்டீ. அப்புறம் பாத்துக்கலாம்."

அக்கா இன்னும் சேரவில்லை, அம்மா என்னிடம் மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மாமாவிடம் போனை வாங்கி, அந்தத் தூரத்தை முதலிலிருந்து மறுபடி வகுக்க ஆரம்பித்தேன்.