எக்ஸ்ரே அக்காவின் கை

எக்ஸ்ரே அக்கா யாரையும் நம்பமாட்டாள் என்று அந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த எல்லாரும் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. அவள் ஒரே ஒருத்தியை நம்பினாள். நம்பியதோடு நிற்காமல், அந்த ஒருத்தியைத் தன் தம்பிக்கே கட்டிவைத்து வீட்டுக்கும் கூட்டிவந்துவிட்டாள்.

வேலை முடிந்து வெளியே போகும் பெண்களைச் சோதித்து அனுப்புவது அக்காவின் உத்தியோகம். ஒவ்வொருத்தியாகத் திரைக்குப் பின்னால் கூப்பிடுவாள். பையைத் திறந்து பார்ப்பாள். பிறகு தோளில் தொடங்கி இடுப்பு வரைக்கும் புறங்கையால் ஒரே இழுப்பு. பட்டன், ஜிப்பு, நூல்கண்டு, எதுவானாலும் அந்தக் கைக்குத் தெரிந்துவிடும். எக்ஸ்ரே என்ற பேர் அப்படி வந்ததுதான். ஆனால் அவளிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. பொருள் கைக்கு வராமல் வாயைத் திறக்கமாட்டாள். கண் சந்தேகப்படும், புருவம் சந்தேகப்படும், நாக்கு மட்டும் கை சொல்லும்வரை சும்மா இருக்கும். "அவ முழியே சரியில்ல" என்று மேலாளர் யாரையாவது காட்டினால், "முழியைப் பார்த்தே கண்டுபிடிச்சுடலாம்னா எனக்கு எதுக்குச் சம்பளம்?" என்று கேட்டுவிடுவாள்.

அந்த வேலையில் இன்னொரு சங்கடம் உண்டு. கழிப்பறை இருந்தது கட்டடத்தின் அந்தக் கோடியில். மாற்று ஆள் வராமல் கேட் வாசலை விட்டு நகரக்கூடாது. மாற்று ஆள் என்று ஒருத்தி இருப்பதாகச் சொல்வார்கள், பார்த்தவர்கள் குறைவு. அதனால் அக்கா காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டாள். குடித்தால்தானே போகவேண்டும் என்பது அவள் கணக்கு. அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். "உடம்புச் சூடு" என்று சொல்லிப் பல்லைக் கடித்துக்கொள்வாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தலை முழுக்க நரைத்த பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

அவள் நம்பிய அந்த ஒருத்தி, தையல் பிரிவில் வேலை பார்த்தவள். இப்போது வீட்டுக் கூடத்தில் இயந்திரம் போட்டு அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைக்கிறாள். அவளைத் தையல்காரி என்றே சொல்வோம். "அத்தனை வருஷம் தடவிப் பார்த்திருக்கேன், கறை படாத கை" என்று அக்கா சொந்தக்காரர்கள் முன்னால் பெருமை பேசும்போதெல்லாம் தையல்காரி தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அடக்கமெல்லாம் இல்லை, பயம்.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால், வேலைக்கு நடுவில் அவளுக்குத் திடீரென்று மாதவிலக்கு வந்துவிட்டது. கட்டிங் மேஜைக்குக் கீழே கிடந்த வேஸ்ட் துணியில் ஒன்றை எடுத்துச் சமாளித்தாள். வீடு போய்ச் சேரும்வரை வேண்டுமே என்று இன்னொரு துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வேஸ்ட் துணியானாலும் வெளியே கொண்டுபோனால் திருட்டு, அன்றைக்கே வேலை போகும். அன்று மாலை அக்காவின் புறங்கை இடுப்பைக் கடந்து போனது. அந்த இடத்தில் ஒரு கணம் நின்றதா, நிற்கவில்லையா என்பது தையல்காரிக்கு இன்றுவரை தெரியாது. "போ" என்றாள் அக்கா, அவ்வளவுதான். அடுத்த வாரமே, அதே திரைக்குப் பின்னால், "எங்க தம்பியைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து இந்த ஒரு சந்தேகம் தையல்காரியோடு குடித்தனம் நடத்துகிறது. தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை? சொல்லாமல் எந்த நாளுக்காக வைத்திருக்கிறாள்?

அந்த நாள் வந்துவிட்டது என்றுதான் போன வாரம் அவள் நினைத்தாள்.

முதலில் அக்கா வீட்டுக்குள் ரோந்து சுற்ற ஆரம்பித்தாள். சமையலறைக் கதவைத் தள்ளிப் பார்ப்பாள், சாமான் அறைக் கதவை இழுத்துப் பார்ப்பாள், தையல் இயந்திரத்தின் பக்கத்தில் வந்து நின்று முறைப்பாள், போவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வருவாள். தன் அறையிலிருக்கும் பீரோவைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். கொடுத்த தண்ணீரை வாங்கி ஜன்னல் வழியாக வெளியே ஊற்றினாள். அறையிலிருந்து ஒரு வாடை வேறு. பீரோவுக்குள் எதைப் பதுக்குகிறாள் என்று தையல்காரியும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கத் தொடங்கினாள்.

பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது அக்கா தம்பியிடம் சொன்னாள்.

"என் நைட்டியைக் காணோம். துண்டையும் காணோம். ஒண்ணொண்ணா போயிட்டிருக்கு."

"யாருக்கா எடுக்கப் போறாங்க?" என்றான் தம்பி. பஸ் டிப்போவில் மெக்கானிக். வீட்டுச் சத்தத்தைவிட இன்ஜின் சத்தம் அவனுக்கு நன்றாகப் புரியும்.

"எடுக்கிறவங்களுக்குத் தெரியும். தண்ணியில என்னமோ பொடியும் கலக்கறாங்க. நான் குடிக்கிறதே இல்ல."

தையல்காரி கணக்குப் போட்டாள். இன்றைக்கு நைட்டி, நாளைக்கு வேஸ்ட் துணி. புருஷனும் சொந்தபந்தமும் கேட்கும்படி அந்தப் பழைய கதை இந்த வாயிலிருந்து வரத்தான் போகிறது. அதற்குள் முந்திக்கொள்ள வேண்டும்.

"அவங்க இங்க இருந்தா நான் இருக்கமாட்டேன்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள். "கிழிஞ்ச நைட்டியை நான் திருடுறேனாம். தண்ணியில மருந்து வைக்கிறேனாம். இதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்து?"

"அக்கா எப்பவும் இப்படித்தானே. வேலை போச்சு, கேட்டுல நின்ன புத்தி போகல" என்று அவன் சமாளித்துப் பார்த்தான். முடியவில்லை. ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் பேசி, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விடுவதாகச் சொல்லிவிட்டு வந்தான். தையல்காரிக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்து அவளுக்கே கூச்சமாகவும் இருந்தது.

சனிக்கிழமை காலை, தைத்து முடித்த துணிகளைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று பையோடு கிளம்பினாள். அக்கா வாசல் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பையைத் திற."

"வழியை விடுங்கக்கா. நேரமாச்சு."

"பையைத் திறன்னு சொன்னேன்."

தையல்காரி பையை அப்படியே தரையில் கவிழ்த்தாள். "பாருங்க. உங்க நைட்டி இதுல இருக்கான்னு நல்லாப் பாருங்க."

அக்கா துணிகளைப் பார்க்கவே இல்லை. கிட்டே வந்து தோளில் கையை வைத்தாள். கை இடுப்புக்கு வரும்போது தையல்காரிக்கு அந்தப் பழைய மாலை நினைவுக்கு வந்தது. ஆனால் அடுத்த கணமே ஏதோ தப்பாகப் பட்டது. இது புறங்கை இல்லை, உள்ளங்கை. பாதி வழியில் நின்று மறுபடி தோளுக்கே போனது. இடுப்பின் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் தடவியது, மறுபக்கம் ஒன்று இருப்பதையே மறந்துவிட்டது. வருஷக்கணக்கில் தினமும் அந்தக் கைக்குக் கீழே நின்றவள் அவள். புருஷனின் கைகூட அவளுக்கு அத்தனை பழக்கமில்லை.

"திருடி" என்றாள் அக்கா.

கையில் ஒன்றுமே இல்லை. வெறும் கையை வைத்துக்கொண்டு எக்ஸ்ரே அக்கா வாயைத் திறந்துவிட்டாள்.

தையல்காரிக்கு வந்த கோபம் வந்த வழியே போனது. இது அக்காவே இல்லை. அந்தக் கையைப் பிடித்தாள். காய்ந்திருந்தது, லேசாகச் சுட்டது, நடுங்கியது. உதடு வெடித்திருந்தது. நைட்டியின் பின்பக்கம் நனைந்திருந்தது. அறையில் வந்த அதே வாடை.

"அக்கா, என்ன செய்யுது?"

அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரகசியமாகச் சொன்னாள். "போகணும். எவ்வளவு நேரமா நிக்கிறேன். மாத்த ஆள் வரல. கேட்டை விட்டுட்டு எப்படிப் போறது?"

ரோந்து என்று நினைத்தது ரோந்து இல்லை. சமையலறைக் கதவிலும் சாமான் அறைக் கதவிலும் அவள் தேடியது கழிப்பறையை. சொந்த வீட்டில், வழி தெரியாமல். தையல்காரிக்கு அழுகை வந்தது.

"நான் நிக்கிறேன்கா" என்றாள். "கேட்டை நான் பார்த்துக்கிறேன். நீங்க போயிட்டு வாங்க."

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் கையை நீட்டினாள். தையல்காரி பிடித்துக் கூட்டிப்போனாள்.

மருத்துவமனையில் டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். "இவங்க எப்பவுமே இப்படியா?" என்று கேட்டார்.

"எப்பவுமே கொஞ்சம் சந்தேகப் பேர்வழிதான் டாக்டர்" என்றான் தம்பி.

"இல்லங்க டாக்டர்" என்று தையல்காரி குறுக்கே புகுந்தாள். "சந்தேகப்படுவாங்க. ஆனா ஆதாரம் இல்லாம ஒருத்தரையும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. இது ஒரு வாரமாத்தான்."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார். கிருமித் தொற்று. சிறுநீர்ப்பையில் தொடங்கி சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருக்கலாம் என்றார். தண்ணீரே குடிக்காததால் உடம்பு வற்றிப்போயிருந்தது.

"நீர்க்கடுப்புன்னா எரியுதுன்னு சொல்லுவாங்களே டாக்டர்?" என்றான் தம்பி.

"வயசானவங்களுக்கு எரிச்சல் தெரியாமலே போகலாம். காய்ச்சலும் பெரிசா இருக்காது. புத்திதான் தடுமாறும். மறதி நோய்னா மெதுவா வரும், இது திடீர்னு வந்திருக்கு. வேற காரணம் இருக்கான்னும் பார்க்கிறேன், ஆனா முதல்ல இதைச் சரிபண்ணுவோம்." எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்க மாதிரியைக் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, உடனே ஊசி மருந்து தொடங்கினார்.

தண்ணீர் வற்றினால் மூளை குழம்பும், குழம்பினால் தண்ணீரில் பொடி தெரியும், பொடி தெரிந்தால் குடிக்கமுடியாது. அக்கா அந்த வட்டத்துக்குள் தன்னந்தனியாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். வீட்டில் இருந்த இரண்டு பேரும் அதற்குக் குணம் என்று பேர் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தபோதும் அவள் தம்ளரைத் தட்டிவிட்டாள். தையல்காரி பாதியைத் தான் குடித்துக் காட்டிவிட்டு மீதியை நீட்டினாள். அக்கா அவள் தொண்டையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குடித்தாள்.

அக்காவின் கழுத்துச் சாவியை நர்ஸ் கழற்றித் தையல்காரியிடம்தான் கொடுத்தாள். தையல்காரி வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தாள். காணாமல் போன நைட்டிகள், துண்டுகள் எல்லாம் ஈரத்தோடு சுருட்டித் திணித்துக் கிடந்தன. நனைந்ததை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஒளித்து, ஒளித்ததையே மறந்திருக்கிறாள். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. பிடித்தவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாவற்றையும் துவைத்து, காயவைத்து, தொழிற்சாலையில் மடிக்கிற மாதிரியே மடித்து உள்ளே அடுக்கினாள்.

"இல்லத்துக்காரங்க கேக்கறாங்க, என்ன சொல்ல?" என்றான் புருஷன்.

"இருங்க" என்றாள். அக்காவின் மேல் பரிதாபம் இருந்தது. ஆனால் அந்தப் பழைய சந்தேகம் இடுப்பில் செருகியபடியே இருந்தது. புத்தி தெளிந்தால் அக்காவுக்கு நைட்டி நினைவு போகும், வேஸ்ட் துணி நினைவு போகுமா?

அக்கா தெளிந்துதான் வீட்டுக்கு வந்தாள். முகம் ஒட்டியிருந்தது, புருவம் பழையபடி ஏறியிருந்தது. நேராகப் போய் பீரோவைத் திறந்தாள். மடிப்புகளின் மேல் புறங்கையை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"நீ மடிச்சதுதானே?"

"ஆமாங்கக்கா."

"எல்லாம் இதுக்குள்ளேயேதான் இருந்துச்சா?"

"ஆமா."

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். "உன்னை என்ன சொன்னேன்?"

"திருடின்னு சொன்னீங்க."

"அப்ப என் கையில என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப தப்பு என்னுது" என்றாள் அக்கா.

தையல்காரி தண்ணீர்த் தம்ளரை நீட்டியபடியே நின்றாள். இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்கப்போவதில்லை.

"கையில இருந்தப்ப ஏன்கா சொல்லல?"

அக்கா அவளை நிதானமாகப் பார்த்தாள். "அந்த வேஸ்ட் துணியைச் சொல்றியா?"

"தெரியுமா?"

"தெரியாம என்ன. வரிசையில பாதிப் பேர் இடுப்புல அதுதான் இருக்கும்."

"ரூல்படி அது திருட்டு."

"ரூல் போட்டவனுக்கு அது மாசாமாசம் வந்துச்சா?" அக்கா தம்ளரை வாங்கிக்கொண்டாள். "மத்தவளுங்க கட்டு கட்டா எடுப்பாளுங்க. நீ ஒரே ஒரு துண்டை வெச்சுக்கிட்டு அந்த நடுங்கு நடுங்கினே. அன்னிக்குத்தான் தம்பிக்கு உன்னைக் கேட்கலாம்னு முடிவு பண்ணேன்."

இத்தனை வருஷமும் தையல்காரி எதை மறைத்துப் பயந்தாளோ, அதைப் பார்த்துத்தான் அவளை இந்த வீட்டுக்கே கூட்டிவந்திருக்கிறார்கள்.

"அதோட, நானும்தான் எடுத்தேன்" என்றாள் அக்கா. "என் இடுப்பைத் தடவிப் பார்க்க அங்க யார் இருந்தா?"

தம்ளரை வெளிச்சத்தில் தூக்கி ஒருமுறை பார்த்தாள், பழக்க தோஷம். பிறகு மடமடவென்று முழுக்கக் குடித்தாள். தையல்காரி கூடத்துப் பக்கம் திரும்பி, "ஏங்க, அந்த இல்லத்துக்காரங்களுக்கு வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள்.

அக்கா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"எங்கக்கா?"

"பாத்ரூமுக்கு. அடக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்கல்ல" என்றாள் அக்கா. "நீ கேட்டைப் பார்த்துக்க."