காப்பிச் செடிக்கு ஊற்றிய மல்லித்தண்ணீர்

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாராவது ஒருவர் என்னை நிறுத்திக் கேட்பதுண்டு. காப்பித் தோட்டத்துச் சனங்களை அந்த நாளில் எப்படி விசுவாசத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்பார்கள். நான் சிரித்துச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு நடந்துவிடுவேன். காப்பி இலைநோயில் அழிந்து, அதே மலைகளில் இப்போது தேயிலை நிற்கிறது. என் மனைவி போய் மூன்று மழைக்காலம் ஆகிறது. கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் நானும் போய்விடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் யாரையும் கொண்டுவரவில்லை. வரவிருந்தவர்களையும் ஒரு சமயம் விரட்டிவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, உபதேசியாராகக் கண்டிக்கு வந்தபோது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இங்கிலீஷ் நன்றாக வரும். வேதத்தில் எந்த இடத்தைக் கேட்டாலும் புத்தகம் திறக்காமல் சொல்வேன். வாரத்தில் ஒருநாள் ஹந்தானை மலையேறி, ஒரு காப்பித் தோட்டத்தில் கூலிச் சனங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கும் லயத்தின் முன்னால் நின்று பேசுவது என் வேலை. சனங்கள் பழம் பறித்து, கூடையை ஸ்டோரில் கொட்டிவிட்டு வரும் நேரம் பார்த்துப் போவேன். காப்பிப் பழத்தின் தோல் அழுகும் புளித்த வாடை லயம் முழுவதும் வீசும். மூக்கைப் பொத்தாமல் நிற்பதையே நான் பெரிய தியாகமாக நினைத்திருந்தேன்.

கேட்க வருகிறவர்களில் முன்னால் உட்காருபவள் ஒரு பெண். கடலுக்கு அந்தப்புறம் இந்தியக் கரையிலிருந்து புருஷனோடு வந்து, மலைவரை நடந்தே ஏறியவள். நான் ஒன்று சொன்னால் இரண்டு கேட்பாள். அன்று நான் எடுத்துக்கொண்டது, இயேசுநாதர் கிணற்றடியில் வேறு சாதிப் பெண் ஒருத்தியிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்ட கதை.

"அவ குடுத்தாளா ஐயா?"

"அது முக்கியமில்லை. அவர் சொன்ன உபதேசந்தான் முக்கியம்."

"என்னாங்கய்யா இப்புடிச் சொல்றீங்க. நடந்து வந்த மனுசன் தண்ணி கேட்டா அதுதானே முக்கியம்? குடுத்திருப்பா. குடுக்காம இருப்பாளா?"

எல்லோரும் சிரித்தார்கள். அன்று எனக்கு இருமல். மழைக்குளிர் வேறு. அவள் சட்டென்று எழுந்து உள்ளே போனாள். மல்லியும் இஞ்சியும் கொதிக்கும் மணம் வந்தது. அவர்கள் வீட்டில் குடிப்பதெல்லாம் சிரட்டையில்தான். கரையிலிருந்து கொண்டுவந்த ஒரு பித்தளைச் செம்பு மட்டும் இருந்தது. அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, நிறைய மல்லித்தண்ணீர் ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினாள்.

என் வீட்டில் அவள் சாதியாரின் கையால் யாரும் தண்ணீர் வாங்கியதில்லை. ஞானஸ்நானம் பெற்று இரண்டு தலைமுறை ஆகியும் அந்தப் பழக்கம் மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. நான் செம்பை வாங்கிக்கொண்டேன். "சூடு ஆறட்டும்" என்று சொல்லி லயத்தின் ஓரமாகப் போனேன். ஒரு காப்பிச் செடியின் அடியில் சத்தமில்லாமல் ஊற்றினேன். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, நன்றாயிருந்தது என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். குளிர்ந்த மண்ணிலிருந்து, அந்த ஒரு செடியின் அடியில் மட்டும், வெள்ளையாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

அவள் செம்பை வாங்கி உள்ளே வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் லயத்தின் முன்னால் யாரும் இல்லை. கங்காணி மட்டும் வெற்றிலையைக் குதப்பியபடி வந்தார். "இந்தப் பக்கத்துச் செடியெல்லாம் இந்த வருசம் நல்லாக் காய்க்குமுங்க ஐயா. மல்லித்தண்ணி குடிச்சு வளருதுல்ல" என்றார். நான் கீழே இறங்கிவந்து, அந்த லயத்தாரின் இருதயம் கடினமானது என்று பாதிரியாரிடம் சொன்னேன்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். அவளுடைய புருஷனுக்குக் குளிர்காய்ச்சல். மிஷன் கொடுக்கும் காய்ச்சல் மருந்து எங்கள் வீட்டில்தான் இருந்தது. அவள் மலையிறங்கி எங்கள் பின்வாசலுக்கு வந்தபோது நான் வெளியே போயிருந்தேன். என் மனைவி அவளை உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் உட்காரவைத்து, மருந்தையும் கொடுத்து, மழை விடும்வரை பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் வந்ததும் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளை தந்த தண்ணியை ஊத்தினனீங்களோ?"

"ஆர் சொன்னது?"

"ஓம் எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டி இல்லையெண்டு சொல்லுங்கோ."

"ஓம்."

"இதுதானோ முதல்தரம்?"

நான் மேல்சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். வழியிலுள்ள மற்ற லயங்களில் பச்சைத்தண்ணீர் கொடுத்தார்கள். மண்ணில் ஊற்றினாலும் அது ஆவி விடாது.

அடுத்த வாரம் என் மனைவியும் என்னோடு மலையேறினாள். உபதேசம் செய்ய அவளுக்கு வராது. நான் வெளியே ஆளில்லாத முற்றத்தில் நிற்க, அவள் காய்ச்சல்காரன் படுத்திருந்த காம்பரா அறைக்குள் போய்ச் சாக்கில் உட்கார்ந்தாள். ஏதாவது கொண்டுபோய்க் கொடுத்ததைவிட, அவள் அங்கே கேட்டு வாங்கியதுதான் அதிகம். "கொஞ்சம் கஞ்சி இருந்தாத் தாருமன் பிள்ளை, ஏறி வந்தது பசிக்குது" என்பாள். சிரட்டையில் வாங்கிக் குடித்துவிட்டு உப்புக் குறைவு என்றும் சொல்வாள்.

"ஒங்க ஊர்ல உப்பு வெளையுதுன்னு இங்க வந்து கொற சொல்றீங்களாம்மா?" என்று அந்தப் பெண் சண்டைக்கு வருவாள். உள்ளே சிரிப்புக் கேட்கும். போகும்போது மனைவி அந்த மனிதனின் தலையில் கைவைத்து இரண்டே வரியில் செபம் செய்வாள். மழைக்காலம் முழுக்க இப்படிப் போனது. அவன் எழுந்து நடந்தான்.

தை மாதத்தில் புருஷனும் பெண்சாதியும் ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள். பாதிரியார் வெள்ளைக்காரர். வந்து புதிது. தமிழ் தெரியாது. அவர் கேட்பதைத் தமிழிலும், அவர்கள் சொல்வதை இங்கிலீஷிலும் நான் சொல்ல வேண்டும். என் மனைவி பின்னால் நின்றாள்.

"இந்த விசுவாசத்தை உனக்கு யார் கற்றுக்கொடுத்தது?" என்று அவர் கேட்டார்.

அவள் நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "ஐயா சொன்ன கதையெல்லாம் நல்ல கதைங்க. ஆனா நாங் குடுத்த தண்ணிய ஐயா செடிக்கு ஊத்திட்டாரு. அப்ப கதையெல்லாம் பொய்யின்னு நெனச்சேன். அம்மா வந்து கஞ்சி கேட்டாங்க பாருங்க, அன்னைக்குத்தான் அந்தச் சாமி மெய்யாவே தண்ணி கேட்டிருப்பாருன்னு நம்புனேன். எல்லாத்தையும் அப்புடியே தொரைக்குச் சொல்லுங்கய்யா."

நான் இங்கிலீஷில் சொன்னது இதுதான்: "உபதேசியாரின் போதனையால் இருதயம் திறக்கப்பட்டது என்கிறாள்."

பாதிரியார் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். தான் சொன்னதைத் துரை ஏற்றுக்கொண்டார் என்று நினைத்து அவளும் சிரித்தாள். என்னை மன்னித்துவிட்ட சிரிப்பு அது. இத்தனை வருடமாக என்னைக் குத்துவது ஊற்றிய தண்ணீரைவிட அந்தச் சிரிப்புத்தான்.

என் மனைவியும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இங்கிலீஷ் விளங்கும். வாசலுக்கு வந்ததும் என் முகத்தைப் பாராமல், "நான் வீட்டை போறன். நீங்கள் திரும்பி உள்ளை போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ" என்றாள்.

ஆலயத்து வேப்பமரத்தடியில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வேலை போகும், ஊரிலே பேர் கெடும் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். பிறகு உள்ளே போய் அவள் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் பாதிரியாருக்குச் சொன்னேன். சாதியையும், பச்சைத்தண்ணீரையும், சற்றுமுன் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவர் சன்னல் வழியே மலையைப் பார்த்தார். "என்னிடம் சொல்லிவிட்டாய். அவளிடம்?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலையே மலையேறினேன். மனைவி ஏன் எதற்கு என்று கேட்காமல் கூடவே வந்தாள். லயத்தின் முன்னால் அந்தப் பெண் விறகு பிளந்துகொண்டிருந்தாள். பாதிரியார் முன்னால் அவள் பேச்சை மாற்றிச் சொன்னதையும், திரும்பிப் போய்ச் சரியாகச் சொன்னதையும் சொல்லி முடித்தேன். அவள் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தாள். முகம் கறுத்துவிட்டது.

"அதையும் ஊத்திட்டீங்களா ஐயா?"

"அதையும்தான்."

"குடிக்க ஏதாவது தருவாயா?" என்று கேட்டேன். என் வாழ்நாளில் அந்த லயத்தில் நான் கேட்டு வாங்க நினைத்தது அதுதான் முதல்தடவை.

அவள் உள்ளே போனாள். மல்லி கொதிக்கும் மணம் வந்தது. செம்பைக் கொண்டுவந்து என் முன்னால் நின்றாள். நீட்டவில்லை. "சூடு பாக்குறேன்" என்று சொல்லி, விளிம்பில் வாய்வைத்து நிதானமாக ஒரு மிடறு குடித்தாள். பிறகு, தான் குடித்த பக்கத்தை என் பக்கம் திருப்பி நீட்டினாள்.

நான் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. அவள் வாய்வைத்த இடத்திலேயே வாய்வைத்தேன். நாக்குச் சுட்டது. கண்ணில் நீர் வந்தது.

"மெதுவாக் குடிங்கய்யா," என்றாள் அவள். "செடி ஒண்ணும் காத்துக்கிட்டு நிக்கல."

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கடைசிச் சொட்டுவரை குடித்துச் செம்பைக் கொடுத்தேன். அந்தப் பெண் அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு என் காலடி மண்ணையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.