உளுந்து பரப்பிய ரோட்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

என் கணவருக்கு அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் உயிர். தரையை ஒட்டிப் போகும் கார். அதில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒருநாள் எரியும், ஒருவாரம் எரியாது. திருச்சி மெக்கானிக் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "புகையைச் சுத்தப்படுத்துற கன்வெர்ட்டர் போயிடுச்சுன்னு காட்டுது சார். புதுசு வெளிநாட்டுலேருந்துதான் வரணும், லட்சக்கணக்குல ஆகும்" என்றார். விற்றுவிடலாம் என்று முடிவானது. அதிலிருந்து இவர் சரியாகச் சாப்பிடவே இல்லை.

கடைசியாக ஒருமுறை அதில் செட்டிகுளம் முருகனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். வழியில் ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறினால் உளுந்து உதிரும். இவர் விவசாயி மகன், ஒதுங்கிப் போகவே மாட்டார். ரிவர்ஸ் எடுத்து இன்னொரு தடவையும் ஏற்றுவார். அன்றும் ஏற்றினார். விளக்கு எரிந்தது. கூடவே கருகல் வாடை.

செடியைக் கிளறிக்கொண்டிருந்த பெண் ஓடிவந்தார். "அண்ணே, நிறுத்துங்க, அடியில புகையுது." குடத்துத் தண்ணீரை ஊற்றி, கையிலிருந்த கம்பால் உள்ளே சிக்கியிருந்ததை இழுத்தார். கருகிய செடி கட்டுக்கட்டாக வந்தது. பின்னாலேயே கன்வெர்ட்டர் சென்சாரின் ஒயர், பாதி அறுந்து தொங்கியது. செடி சிக்கி ஒயரை இழுக்கும்போதெல்லாம் விளக்கு எரிந்திருக்கிறது; கன்வெர்ட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இவ்ளோ குட்டை வண்டிய ஏண்ணே இதுல ஏத்துனீங்க?"

"ஒங்களுக்கு ஒத்தாசையா இருக்குமேன்னுதாங்க" என்றார் இவர், தலையைச் சொறிந்துகொண்டு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒயரை மாற்றியதும் விளக்கு அணைந்தது. காரை விற்கவில்லை.

இப்போதும் ரோட்டில் உளுந்து கிடந்தால் காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி நிற்பார். ஏதாவது ஒரு லாரியைக் கைகாட்டி நிறுத்தி, உளுந்தின்மேல் ஏறவைக்கும்வரை நாங்கள் கிளம்ப முடியாது. நானும் அவசரப்படுத்துவதில்லை.