ஜாம் பாட்டில் மூடியில் ஃபிலோவின் ஜாக்கெட்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை என் வீட்டுக்கு ஒரு பாட்டில் அன்னாசி ஜாம் வந்தது. அந்தப் பாட்டிலின் மூடியைப் பார்த்துத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது… ஃபிலோ எனக்குத் துரோகம் செய்துவிட்டாள்!

பதறாதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

ஃபிலோமினா என் தோழி. அவள் வீடு பாண்டிச்சேரி உப்பளத்தில், என் வீடு முதலியார்பேட்டையில். இருபத்திரண்டு வருஷமாக அவள் போடும் ஒவ்வொரு ஜாக்கெட்டும் என் மெஷினில் தைத்தது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கொழுந்தனார் கல்யாணம், மகள் பட்டம் வாங்கிய நாள் — ஒன்று விடாமல். நான் போடும் ஊறுகாயிலும் முதல் பாட்டில் அவள் வீட்டுக்குத்தான் போகும். பிறகுதான் என் வீட்டுக்காரருக்கே கிடைக்கும்.

அந்த வியாழக்கிழமை காலையில் எனக்குக் கை நாலு இருந்தாலும் போதாது. அடுப்பில் தக்காளித் தொக்கு கொதித்துத் தெறிக்கிறது. பக்கத்து அடுப்பில் காலி பாட்டில்கள் வெந்நீரில் வேகின்றன. மெஷினில் எதிர்வீட்டுப் பெண்ணின் சுடிதார், ஒரு கையோடு நிற்கிறது. அப்போதுதானா காலிங் பெல் அடிக்க வேண்டும்?

வாசலில் மாடிவீட்டு ஜோசஃபின் அம்மா. மகளோடு பத்து வருஷம் பிரான்சில் இருந்துவிட்டு, இப்போதுதான் எங்கள் மாடியில் குடிவந்திருக்கிறார். தெருவே அவரை 'மதாம்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

“அன்னாசி கொன்ஃபித்யூர் செஞ்சேன் சுமதி. சாப்ட்டுப் பாருங்க.”

நாம் செய்தால் ஜாம். மதாம் செய்தால் கொன்ஃபித்யூர்! சிரித்தபடி வாங்கிக்கொண்டேன். பாட்டில் மூடிக்கு மேலே வட்டமாக ஒரு துணி போட்டு, நூலால் கட்டி, முடிச்சுகூட அழகாகப் போட்டிருந்தார். கடுகு மஞ்சளில் அரக்கு மாங்காய் புட்டா போட்ட துணி.

மூடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அந்தத் துணியை நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஃபிலோவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். சேலையோடு வந்த ஜாக்கெட் துணி ஃபிலோவுக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் நாலு கடை ஏறி இறங்கி, கடைசிக் கடையில் அந்தக் கடுகு மஞ்சளைப் பிடித்தோம். அதுவும் கடைசித் துண்டு. இனி வராது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். “அடுத்த வாரம் எடுத்துனு வரேன்டி” என்று சொல்லிவிட்டுப் போனாள் ஃபிலோ. துணி மட்டும் என் கைக்கு வரவே இல்லை. நானும் கல்யாண வேலையில் அலைகிறாள், பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாவமாம், பாவம்! துணி மாடிக்குப் போயிருக்கிறது!

இன்னொன்றும் புரிந்தது. அந்த வட்டத் துணி, ஜாக்கெட்டின் முதுகுக் கழுத்தை வெட்டும்போது விழும் துண்டு. ஒரு பாட்டில் மூடியையே மூடுகிற அளவுக்குத் துண்டு விழுந்திருக்கிறது என்றால் கழுத்து எவ்வளவு இறக்கம்? என்னிடம் மட்டும் “கழுத்த எறக்காதடி, கோயிலுக்குப் போட்டுனு போவணும்” என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொன்னவள்!

அன்று மாலை எதிர்வீட்டுச் சுடிதாருக்கு வலது கையை இடது பக்கம் தைத்தேன். பிரித்து மறுபடி தைத்தேன். மறுபடியும் அதே பக்கம்.

என் வீட்டுக்காரர் ரொட்டியில் ஜாமைத் தடவிக்கொண்டே கேட்டார். “இன்னா ஆச்சு உனக்கு? நான் இன்னொருத்தியோட போயிருந்தாகூட இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிக்க மாட்ட போல.”

“நீங்க போனீங்கன்னா எனக்கு ஒரு ஆள் சமையல் மிச்சம். இவ போனா என் கத்திரிக்கோலுக்கே அவமானம்.”

“ஜாம் நல்லா இருக்குது” என்றார் அவர். எரிகிற நெருப்பில் எண்ணெய். அவர் தூங்கப் போன பிறகு நானும் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல். நான் அன்னாசி ஜாம் போட்டால் மூன்றாம் நாளே தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

பாட்டில் இரண்டே நாளில் காலி. வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது நமக்கு வழக்கமில்லையே… என்னிடம் இருந்ததிலேயே நல்ல எலுமிச்சை ஊறுகாயாகப் பார்த்து நிரப்பினேன். அன்பினால் இல்லை. யாரிடம் மோதுகிறோம் என்று மதாமுக்குத் தெரிய வேண்டாமா?

மாடியேறினேன். ஜன்னலோரம் தையல் மெஷின். அதன்மேல், பாதி தைத்த கடுகு மஞ்சள் ஜாக்கெட். பக்கத்திலேயே அளவுக்காகக் கொடுத்த பழைய ஜாக்கெட் ஒன்று.

அந்த அளவு ஜாக்கெட்டை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். நான் பெற்ற பிள்ளை! ஃபிலோவின் மகள் பட்டம் வாங்கிய நாளுக்குத் தைத்த பச்சை ஜாக்கெட். அதற்குப் பிறகு ஃபிலோவுக்கு நான் மூன்று தடவை அளவைக் கூட்டியிருக்கிறேன். அந்தப் பச்சை ஜாக்கெட் இன்றைக்கு அவள் தோளைக்கூடத் தாண்டாது.

அப்படியென்றால், அதே அளவில் மதாம் தைக்கும் இந்த ஜாக்கெட்?

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! நிச்சயதார்த்தத்தன்று காலையில் ஃபிலோ ஊக்கு மாட்டப் பார்ப்பாள். மாட்டாது. “அய்யோ சுமதி!” என்று ஓடி வருவாள். வரட்டும். நன்றாக வரட்டும்.

“நீங்களும் தைப்பீங்களாமே?” என்றார் மதாம். “இந்த அளவு ஜாக்கெட்டப் பாருங்களேன். எவ்ளோ நேர்த்தி! யாரு தச்சதுன்னு கேட்டேன், அந்த ஃபிலோமினா சொல்லவே இல்ல.”

“உங்களுக்கு அவங்கள எப்படித் தெரியும்?” ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

“கோயில்லதான் பழக்கம். துணியையும் அங்கயே வந்து குடுத்துட்டாங்க. அளவு எடுக்கறேன்னா வேணாம் வேணாம்னு ஒரே பிடிவாதம். பாவம்… அவங்க சம்பந்தி அம்மா எதிர்லயே, தைக்கறவ ஒருத்தி அளவ சத்தமா சொல்லி கிண்டல் பண்ணிட்டாளாம். சொல்லும்போதே கண்ணு கலங்கிடுச்சு.”

ஊறுகாயை மேஜையில் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

அந்த ‘ஒருத்தி’ யார் என்று நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஃபிலோ தன் வருங்காலச் சம்பந்தியை என் வீட்டுக்கு அழைத்து வந்தாள். “என் ஃப்ரெண்டு மாதிரி தைக்க பாண்டிச்சேரியிலயே ஆள் இல்ல” என்று பெருமையாகத்தான் அழைத்து வந்தாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி வளையல் போட்டிருந்தார்கள். ஒருத்தி ஆரம்பித்தால் இன்னொருத்தி முடித்தாள். எனக்குத் தெரியாத எதையோ சொல்லி, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. அன்றைக்கும் இதே பொறாமைதான்! உன்னைவிட எனக்குத்தான் இவளை நன்றாகத் தெரியும் என்று அந்த அம்மாவுக்குக் காட்ட வேண்டும் போலிருந்தது. ஃபிலோவின் மேல் டேப்பைச் சுற்றினேன். எண்ணைப் பார்த்தேன். தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி அதைச் சொல்லி, “எந்தக் கடையில அரிசி வாங்கறடி?” என்று வேறு கேட்டேன்.

சம்பந்தி அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். ஃபிலோவும் சிரித்தாள். ஆனால், அன்று தைக்கக் கொண்டுவந்த கடுகு மஞ்சள் துணியை அவள் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. அதை நான் அப்போதே பார்த்தேன். பார்த்தும், அது என்னவென்று யோசிக்கவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளைக்குக் கெட்டுப்போனதே இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்திருக்கிறது!

சரி, தெரிந்ததும் உடனே திருந்தினேனா? இல்லை. பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் முழுவதும் சும்மாதான் இருந்தேன். என் மேல் தப்பு இருந்தால் என்ன, எடுத்ததும் மாடிக்கா போவது? நேரில் வந்து திட்டியிருக்கலாமே? கிழியட்டும் அந்த ஜாக்கெட்! மதாமின் பெயரும் சேர்ந்து கிழியட்டும்! இப்படியே புலம்பிக்கொண்டு தொக்கு பாட்டில்களுக்கெல்லாம் மூடி போட்டேன்.

வழக்கம்போல ஒன்றில் ‘ஃபிலோ’ என்று எழுதி ஒட்டினேன். ஒட்டிய பிறகுதான் நினைவு வந்தது… இதைக் கொடுக்க எந்த முகத்தோடு போவேன்? மேடையில் அந்தச் சம்பந்தி அம்மாவுக்குப் பக்கத்தில், கையைத் தூக்கக்கூட முடியாமல் ஃபிலோ நிற்பது அப்படியே கண்ணில் தெரிந்தது. பாட்டிலை வைத்துவிட்டு மாடிக்குப் போனேன்.

“அந்த மஞ்சள் ஜாக்கெட்ல உள்ள எவ்ளோ துணி விட்டிருக்கீங்க?”

மதாம் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு பக்கமும் ஒரு இஞ்ச்சுக்கு மேலேயே விட்டு, ஓரம் மடித்து, நூல் நீட்டிக்கொண்டில்லாமல்… நான்கூட இத்தனை சுத்தமாக விட மாட்டேன். பற்றிக்கொண்டு வந்தது.

“எல்லாத்தையும் பிரிச்சு விட்டுடுங்க. கையிலயும் விடுங்க. இது பழைய அளவு.”

“அப்ப சரியான அளவு?”

வாயைத் திறந்தேன். மூடினேன். மேஜையில் கிடந்த சீட்டை எடுத்து எண்ணை எழுதி, நாலாக மடித்து மெஷினுக்கு அடியில் வைத்தேன். மதாம் பிரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பச்சை ஜாக்கெட்டைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. சீட்டைத் திரும்ப மடித்துக்கொண்டு, “ஊறுகா பிரமாதம் சுமதி” என்றார்.

அதுவும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. எப்படி இவர்களால் கேட்காமல் இருக்க முடிகிறது? நானாக இருந்தால் ஒன்பது கேள்வி கேட்டிருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். மேடையில் ஃபிலோ, கடுகு மஞ்சள் ஜாக்கெட்டில். மகளுக்குப் பூ வைக்க இரண்டு கையையும் தூக்கினாள். என் கண் அவள் அக்குள் தையலிலேயே இருந்தது. ஒரு தையல் விடவில்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா, “ஜாக்கெட் எவ்ளோ பாந்தமா இருக்குது! யாரோ பிரான்சுலருந்து வந்த மதாம் தச்சதாம்” என்றார். “ஆமாங்க” என்றேன். அந்த ‘ஆமாங்க’வைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிரியாணிப் பந்தியில் என் பின்னால் வந்து நின்றாள் ஃபிலோ.

“நான் குடுத்தது பழைய ஜாக்கெட்டு” என்றாள் மெதுவாக. “ராத்திரி சோத்த வுட்டுட்டு, அதுக்குள்ள எளச்சிடலாம்னு பாத்தேன். ஒரு இஞ்ச்சுகூட எளைக்கல. காலைல பயந்துகினேதான் போட்டேன். எப்படிடி சரியா இருக்குது?”

“மதாம் கெட்டிக்காரங்க.”

“மதாமுக்கு யாரு நம்பர் சொன்னது?”

“சத்தியமா நான் வாயே தொறக்கல.”

நறுக்கென்று கிள்ளினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கிள்ளினதால் மட்டுமில்லை. “அன்னிக்கு நான் பண்ணது தப்புதான்டி” என்றேன். அவள் என் தட்டில் இன்னொரு கறித்துண்டை எடுத்து வைத்தாள்.

“கல்யாணத்துக்கு நீதான் தைக்கணும். ஆனா அளவு எடுக்கும்போது ஒரு வார்த்த பேசக்கூடாது.”

“கழுத்து?”

“மதாம் எறக்கின அளவுக்கே எறக்கு. நல்லா இருக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க.”

மனசாட்சிக்கும் ஒரு எல்லை இருக்கிறதல்லவா? மதாமைவிட அரை இஞ்ச் கூடவே இறக்கப்போகிறேன்.

செவ்வாய்க்கிழமை வந்தாள். கதவைச் சாத்திவிட்டு, நாலு குண்டூசியை உதட்டுக்கிடையில் கவ்விக்கொண்டு, டேப்பைச் சுற்றினேன். எண்ணைப் பார்த்தேன். நோட்டில் எழுதினேன். மூடினேன். இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் இருந்த முதல் பத்து நிமிஷம் அது. போகும்போது தொக்கு பாட்டிலை அவளே எடுத்துக்கொண்டாள். இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டதற்கும் சரி என்றாள், ஒரே ஒரு நிபந்தனையோடு.

எத்தனை இஞ்ச் என்றுதானே கேட்கிறீர்கள்? மன்னிக்க வேண்டும்… வாயில் குண்டூசி.