டீச்சர் எண்ணிய இருபத்தைந்து பின்கள்

புதிய மதர்போர்டைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதெல்லாம், அதன் கீழ் ஓரத்தில் இரட்டை வரிசையாக நிற்கும் மெல்லிய பின்களை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்ப்பேன். தாம்பரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் எனக்கு இந்தப் பழக்கம் ஒரு கணக்கு டீச்சரால் வந்தது.

சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில், பார்வையற்ற பிள்ளைகள் ஏழு பேருக்கு அவர் கணக்கு எடுத்தார். அவருக்கும் பிறவியிலேயே பார்வை இல்லை. வகுப்பு மூலையில் ஒரு பிரெய்ல் அச்சு இயந்திரம் இருந்தது. டைப் செய்த கேள்விகளைத் தடித்த தாளில் புள்ளிகளாகக் குத்தித் தரும். அதோடு இணைந்திருந்த கம்ப்யூட்டர் பழுதானபோது, “புதுசாவே மாத்திடலாம் டீச்சர், ஒரு மணி நேர வேலை” என்று சொன்னது நான்தான்.

புதியதைக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன். இயந்திரத்தின் பழைய கேபிளைச் செருக அதில் இடமே இல்லை. யு.எஸ்.பி.க்கு மாற்றும் ஒயர் ஒன்றைப் போட்டேன். இயந்திரம் ஓடியது. டீச்சர் தாளை ஒருமுறை தடவினார், மறுபடி முதல் வரியிலிருந்து தடவினார். “சார், ஒண்ணுமே படிக்க முடியலையே. வெறும் குப்பையா இருக்கு.”

காலாண்டுத் தேர்வுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. தாள் இல்லையென்றால் யாராவது கேள்வியை வாசிக்க, பிள்ளைகள் மனதில் பிடித்துக்கொண்டு போட வேண்டும். “நான் வர்றதுக்கு முன்னாடி அப்படித்தான் நடந்துதாம். பாவம்னு எல்லாருக்கும் பாஸ் போட்டுட்டாங்களாம்” என்றார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். “நான் தொட்டுப் பாக்கலாமா சார்? இத்தனை வருஷமா யூஸ் பண்றேன், உள்ள எப்படி இருக்கும்னே தெரியாது.” அவர் கையைப் பிடித்து போர்டின் மேல் வைத்தேன். விசிறியைச் சுற்றி மெல்ல நகர்ந்த விரல்கள் கீழ் ஓரத்தில் நின்றன. திரும்ப ஒருமுறை அதே இடத்துக்கு வந்தன.

“இதென்ன சார், ரெண்டு வரிசை? பதிமூணு, பதிமூணு... இல்ல, ஒண்ணு குறையுது. இருபத்தஞ்சு.” பிறகு கேபிளின் முனையைத் தேடி எடுத்துத் தடவினார். “இதுலயும் இருபத்தஞ்சுதான்.”

குனிந்து பார்த்தேன். பொடி எழுத்தில் பெயரும் இருந்தது. பழைய பிரிண்டர்களுக்கான இணைப்பு. வெளியே தெரியும் துளையை எடுத்துவிட்டவர்கள், உள்ளே வழியை விட்டுவைத்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்குள் தகவல் போகும் பாதைக்கு பஸ் என்று பெயர். புதுப் பாதைகள் எத்தனை வேகமானாலும் பழையதற்கு ஒரு கிளையை ஏன் விட்டுவைக்கிறார்கள் என்று நான் எரிச்சல்பட்டதுண்டு. மறைமலை நகர்த் தொழிற்சாலைகளில் பழைய சோதனை இயந்திரங்களுக்காக என்று காரணம் சொல்வார்கள். அந்தக் காரணத்துக்குள் ஏழு பிள்ளைகளும் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் காலை மின்சார ரயிலேறி, கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு முனை அந்தப் பின்களிலும் மறுமுனை பழைய கேபிளிலும் பொருந்தும் பட்டை ஒயரை நாலு கடைகளில் கேட்டுச் சலித்த பிறகு, ஒரு கடைக்காரர் “இன்னா சார், இத்தப் போயி இன்னும் தேடிகினு கீறீங்க!” என்று மேல் அடுக்கிலிருந்து உருவிக் கொடுத்தார்.

மதியம் இயந்திரம் சடசடவென்று ஓடியது. டீச்சர் முதல் தாளைப் படித்துக்கொண்டே போய் மூன்றாம் வரியில் நிறுத்தினார். “இங்க ஒரு தப்பு இருக்கு சார்.” நான் ஒயரைச் சரிபார்க்கக் குனிந்தேன். அவர் சிரித்தார். “நான் டைப் பண்ணதுல. மெஷின் சரியாத்தான் அடிச்சிருக்கு.”

டீச்சர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். அங்குள்ள இயந்திரத்துக்குக் கேபிளே தேவையில்லையாம். தேர்வு முடிந்த வாரம் அவர் போன் செய்தது மட்டும் அப்படியே காதில் இருக்கிறது.

“ஏழு பேரும் அவங்களே படிச்சு, அவங்களே எழுதினாங்க சார். ரெண்டு பேர் ஃபெயில்!”

அவர் குரலில் அத்தனை சந்தோஷத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை.