ஊர் சாமியாக்கிய பிள்ளை

கிரிவலப் பாதையில் நிருதி லிங்கத்தைத் தாண்டி ஒரு புளியமரம். அதனடியில் காவி வேட்டியோடு உட்கார்ந்திருந்த இளைஞனின் காலில் ஒரு குடும்பமே வரிசையாக விழுந்துகொண்டிருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. பௌர்ணமிக் கிரிவலம், பொழுது சாயும் நேரம். அந்தக் குடும்பத்தின் கடைசிப் பெண் விழுந்து எழுவதற்குள், என்னோடு நடந்து வந்த எங்கள் மேடம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் கையைப் பிடித்தார். அவன் அவருடைய ஒரே மகன்.

மேடம் வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் அலுவலகத்தின் கண்காணிப்பாளர். கோபம் வந்தால் முகத்துக்கு நேரே திட்டித் தீர்ப்பார். மதியம் தன் டப்பாவைத் திறந்து, திட்டு வாங்கியவள் தட்டில்தான் முதலில் குழம்பை ஊற்றுவார். அதிகம் திட்டு வாங்கியவள் நான் என்பதால் அதிகம் சாப்பிட்டவளும் நானே.

மகன் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தபோது தாடி வளர்ந்திருந்தது, கண் சிவந்திருந்தது. சாப்பாடு கம்மி, பேச்சு அதைவிடக் கம்மி. வேறு ஊராக இருந்தால் பெற்றவர்கள் அன்றே பதறியிருப்பார்கள். எங்கள் ஊரிலோ இவையெல்லாம் பக்தியின் அடையாளம். எங்கெங்கிருந்தோ மனிதர்கள் எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்து மலையைப் பார்த்து உட்காரும் இடம் இது. சொந்த ஊர்ப் பிள்ளை உட்கார்ந்தால் கசக்குமா? மேடத்தின் கணவர் பூரித்துப்போனார். "ஏழு ஜென்மப் புண்ணியம், தடுக்காத" என்றாராம். உறவுக்காரர்கள் பழத்தட்டோடு வந்து ஆசி வாங்கிப் போனார்கள்.

மேடத்துக்கு மட்டும் அது தொண்டையில் இறங்கவில்லை. "பக்தி வந்தா கை ஏம்மா நடுங்கணும்? அவன் துணியில வர்றது விபூதி வாசனை இல்ல" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். துவைக்கப் போட்ட சட்டைப் பையில் கஞ்சாப் பொட்டலமும் வலி மாத்திரை அட்டையும் கிடைத்தன. கணவரிடம் காட்டினால், "சாமியாருங்க குடுத்திருப்பாங்க, பிரசாதம் மாதிரி" என்று பதில் வந்தது. இதை என்னிடம் சொல்லிவிட்டு மேடம் கசப்பாகச் சிரித்தார். அதற்குள் அவன் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். எலும்பும் தோலுமாகிவிட்டான், இப்படியே விட்டால் ஆள் மிஞ்சமாட்டான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அவர்களில் பாதிப்பேர் அவன் காலில் விழுந்துவிட்டு வந்துதான் அதைச் சொன்னார்கள்.

புளியமரத்தடியில் மேடம் அவன் கையைப் பிடித்ததும் ஒரு பெரியவர் குறுக்கே வந்தார். "சாமியத் தொடாதீங்கம்மா, பாவம்."

"சாமி கோயில்ல இருக்குதுங்க. இது நான் பெத்தது. கஞ்சா அடிச்சு உடம்பு கெட்டுக் கெடக்குது. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன், வழி விடுங்க."

யாரோ அவரைப் பைத்தியம் என்றார்கள். நடந்து போனவர்களில் அவரைத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். மானம் போகும் என்று வீட்டுக்குள் புதைக்கிற விஷயத்தை அவர் குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். எனக்கு அவரை நினைத்து அப்படியொரு பெருமை. மகன் கையை உதறினான். அவர் விடாமல் அவன் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துகொண்டார். விழ வந்தவர்கள் அம்மாவைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள். கும்பிட ஆளில்லாமல் போன பிறகு, "பசிக்குது" என்றான். நாங்கள் இருவருமாகத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம்.

அதன்பின் ஆஸ்பத்திரி, மறுவாழ்வு மையம், வீடு, மறுபடியும் மையம். அவன் மீண்டும் பழக்கத்தில் விழுந்தபோது கணவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மேடம் அசரவில்லை. "சுகர் ஜாஸ்தியானா திரும்ப டாக்டர்கிட்ட போறதில்லையா? இதுக்கு மட்டும் எதுக்கு ஒப்பாரி?" என்றார். அலுவலகத்தில் யார் விசாரித்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்வார். அதனாலேயே, வெளியே சொல்ல முடியாமல் தவித்த பெற்றோர்கள் அவர் மேசையருகே வந்து நிற்கத் தொடங்கினார்கள்.

இப்போது அவன் ஒரு பைக் மெக்கானிக்கிடம் வேலை செய்கிறான். பௌர்ணமிதான் இன்னும் கண்டம். பழைய கூட்டாளிகள் எல்லோரும் அன்று கிரிவலப் பாதையில் இருப்பார்கள். போன பௌர்ணமிக்கு முன்தினம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். அவன் சமையலறை வாசலில் வந்து நின்று, "அம்மா, நாளைக்கு என்னத் தனியா விடாத" என்றான். அவனே வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. மேடம் அடுப்பை அணைத்துவிட்டு, "மாமா வீட்டுக்குப் போலாம்" என்றார். அவருடைய தம்பிக்குக் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை நிலம் இருக்கிறது.

மறுநாள் வழியனுப்பப் போனேன். ஊருக்குள் வந்த பஸ்களில் நிற்க இடமில்லை. இவர்கள் ஏறிய பஸ்ஸில் ஆளே இல்லை. "உலகமே உள்ள வருது, நீங்க வெளிய போறீங்களே?" என்று கண்டக்டர் சிரித்தார்.

மேடம் வாயெடுப்பதற்குள் மகன் சொன்னான்: "எனக்குக் கஞ்சாப் பழக்கம் இருந்துச்சுண்ணா. இன்னிக்கு ஊர்ல இருந்தா ஆவாது. அதான் எங்கம்மாவ இட்டுனு போறேன்."

வாழ்நாளெல்லாம் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்த மேடம், நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தார்.