விதிப்படி

உள்ளறையில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. கொட்டாரத்து நாகம்மையின் வீட்டு முன்னறையில் காலெடுத்து வைத்த, அவளுடைய வக்கீலின் குமஸ்தா சுயம்புலிங்கம் திகைத்து நின்றார். தரையில் இரண்டு துணி மூட்டைகள். நடுவே, செத்துப்போன கணவரின் படத்தை மடியில் வைத்தபடி நாகம்மை.

"என்னக்கா இது?"

"பகவதியப்பன் அறைக்கு அறை புதுப் பூட்டு மாட்டுதான், தம்பி. வீட்டை ஒழிஞ்சு குடுத்தேன்னு அவன் கொண்டாந்த தாள்ல ஒப்புப் போட்டுட்டு நான் இறங்கணும்."

பகவதியப்பன் அவள் கணவரின் அக்காள் மகன். நாகர்கோவிலில் தமிழ் வாத்தியார். மாமன் சொத்து மருமகனுக்கே என்ற பழைய வழக்கத்தைச் சொல்லி, மாமன் செத்த ஏழாம் மாதம் இந்த வீட்டைக் கேட்டு வழக்குப் போட்டவன். நாகர்கோவில் கோர்ட்டில் அவன் ஜெயித்தான். நாகம்மை திருவனந்தபுரம் ஹைக்கோர்ட்டில் அப்பீல் செய்து, அது முடியும்வரை தன்னை வீட்டிலிருந்து இறக்கக் கூடாதென்று தடை வாங்கினாள்.

பதினாறு வயதில் இந்த வாசலுக்கு வந்தவள். வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. அந்தப் பகவதியப்பனுக்குத்தான் சோறு பிசைந்து ஊட்டினாள். கொட்டாரத்துக் கடைத்தெருவைத் தாண்டிப் பழக்கமில்லாதவள், ஐந்து வருஷம் கட்டுச்சோற்றோடு திருவனந்தபுரம் பஸ் ஏறினாள். மலையாளக் குமஸ்தாக்களிடம் கோர்ட்டுப் பேச்சைக் கற்றாள். அவதி என்றால் வாய்தா. விதி என்றால் தீர்ப்பு. சொப்பனத்திலும் அவளுக்கு வேறு அர்த்தம் கிடையாது.

ஐம்பத்தாறு நவம்பரில் ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. தெருவில் கொடுத்த மிட்டாயை அவளும் வாங்கித் தின்றாள். ஊரோடு தன் வழக்கும் ராஜ்யம் மாறும் என்று அந்தப் பேதைக்கு யார் சொன்னார்கள்? வழக்குக் கட்டுகள் சென்னை ஹைக்கோர்ட்டுக்குப் போயின. அங்கே அவளுக்காக அமர்த்தியிருந்த பட்டணத்து வக்கீல், நேராக அவள் பேருக்கே ஒரு கார்டு போட்டுவிட்டார்.

அதை எடுத்து நீட்டினாள். சுயம்புலிங்கம் வாசித்தார்.

'தங்கள் வழக்கு திருவனந்தபுரத்திலிருந்து இங்கு வந்து சேர்ந்தது. இனி எல்லாம் விதிப்படி நடக்கும்.'

நல்ல செய்திதானே என்றார் அவர்.

"இதுவரைக்கும் வந்தது ஒரே விதிதானே, தம்பி. வீட்டை ஒழியச் சொன்ன விதி. அதும்படி நடக்கும்னா, நான் இறங்காண்டாமா?"

சுயம்புலிங்கம் கார்டை இன்னொரு முறை வாசித்தார்.

"அக்கா, அது பட்டணத்துத் தமிழ். அங்கே விதின்னா சட்டம். முறைப்படி நடக்கும்னு எழுதியிருக்காவ. வழக்கை இனிமேத்தான் எடுப்பாவ. தடை அப்படியே இருக்கு. அதைச் சொல்லத்தான் நான் வந்தேன்."

உள்ளே ஆணிச் சத்தம் நின்றது. நாகம்மை அழவில்லை. சுத்தியலோடு நிலைப்படியில் வந்து நின்றவனை, இன்றுதான் முதல்முதலாகக் காண்பவள்போலப் பார்த்தாள்.

"மக்கா, காலையில இந்தக் கார்டை உன் கையிலதானே தந்தேன். நான் வாசிச்சது சரியான்னு கேட்டேன். சரிதான் மாமின்னு சொன்னியே."

அவன் சுத்தியலைக் கை மாற்றிக்கொண்டான்.

"விதிக்கு அந்த அர்த்தமும் உண்டு, மாமி."

படம் மடியிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. கண்ணாடி குறுக்கே விரிசல் கண்டது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. அடுக்களையில் அவனுக்காக வடித்த சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது.

நாகம்மை சுவரைப் பிடித்து எழுந்தாள். அவள் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்த தாளை நாலாக மடித்து, அவன் சட்டைப் பையில் தானே செருகினாள்.

"அடிச்ச ஆணியப் பிடுங்கிட்டுப் போ."

ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். பூட்டுகளைத் துண்டில் முடிந்துகொண்டு படியிறங்கினான். முற்றத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். மாமி சாப்பிடக் கூப்பிடுவாள் என்று நினைத்தானோ என்னவோ.

நாகம்மை கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.